முகமூடி நீர்க்கோழியைப் பார்த்தவர்கள்

காட்டு விடுதி
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அச்சகத்துப் படிக்கட்டை இன்னும் நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறாயா?

சொல்லாமல் கிளம்பி வந்ததற்குத் திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. சர்வே ஆபீஸில் எனக்கு ஐந்து மாத விடுப்பு சேர்ந்து கிடந்தது. அடுத்தவர் நிலத்தை அளந்து அளந்து அலுத்துவிட்டது. பறவை பார்க்கப் போகும் ஒரு குழுவில் ஏழாவது ஆளாக ஒட்டிக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் மழைக்காடு, அப்புறம் ஆற்று முகத்துச் சதுப்பு நிலம். இங்கே போனுக்கு டவர் கிடையாது. வாரம் ஒருமுறை ஜீப் வந்து தபால் பையை எடுத்துப்போகிறது.

நேற்று அத்தி மரத்தில் ஒரு ஜோடி இருவாச்சி வந்து இறங்கியது. இறக்கைச் சத்தத்தைக் கேட்டு எங்கள் குழுவின் பல் மருத்துவர் ஹெலிகாப்டர் என்று நினைத்துத் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் என் காலுறைக்குள் பதினாறு அட்டைகள் புகுந்து வயிறார உண்டுவிட்டன.

ஒரு சின்ன விஷயம். அத்தானுடைய பறவைக் குறிப்பேடு, அந்தக் கடைசி நோட்டு, இன்னும் வீட்டில் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். அவரிடம் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருவரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. காட்டுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிழை திருத்துகிறவளுக்கு அது பழக்கதோஷம். முதல் தடவை விஷயம் தெரியும், இரண்டாவது தடவை எழுத்து தெரியும், மூன்றாவது தடவை என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். உன் ‘சும்மா’ மூன்றாவது தடவையில் கண்ணில் குத்தியது. சின்ன வயதில் நீ ‘சும்மா’ என்று சொன்னபோதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பறவைச் சங்கத்தின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நீயும் உன் அத்தானும் அதே ஆற்று முகத்துக்கு ஒரே படகில் போனீர்கள். முகமூடி நீர்க்கோழியைப் பார்த்ததாக அவர் வந்து சொன்னார். நம் பகுதியில் அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அரிய பறவை என்றால் பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது உங்கள் சங்கத்தின் சட்டம். படகில் இருந்த இரண்டாவது ஆள் நீ. “படகை வேரில் கட்டிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை” என்று எழுதிக் கொடுத்தாய்.

அடுத்த மாதச் செய்தி மடலில் ‘கற்பனை வளம் மிக்க உறுப்பினர் ஒருவர்’ என்று போட்டார்கள். பெயர் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், “கண்ணு சரியில்லாதவர்கிட்டயா கண்ணாடி வாங்குறது” என்று இவர் காதுபடச் சிரித்தார்கள். அவர் சங்கத்தை விட்டார், பைனாகுலரை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

இப்போது அந்த நோட்டு உனக்கு எதற்கு?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


காட்டு விடுதி
டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கு இருமல் வரும் காலமாயிற்றே, எப்படி இருக்கிறார்? உன் கடிதம் பாதி நனைந்து வந்து சேர்ந்தது. நனையாத பாதியிலேயே எனக்குத் தேவையான திட்டு இருந்தது.

இங்கே மழை விட்டபாடில்லை. ஆறு நாளாக ஒரே மூங்கில் புதருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே ஏதோ ஒன்று விசிலடிக்கிறது. வெளியே வரமாட்டேன் என்கிறது. பல் மருத்துவர், “வாயைத் திறக்காத பேஷண்ட்டைக்கூட நான் இவ்வளவு நேரம் கெஞ்சினதில்ல” என்கிறார்.

நோட்டு முழுவதும் வேண்டாம், அந்த ஒரு நாளின் பக்கம் போதும். ஆற்று முகத்தில் ஓடைகள் நூற்றுக்கு மேல், ஒன்றைப் போலவே இன்னொன்று. அன்றைக்குத் துடுப்பும் வழியும் அத்தான் கையில் இருந்தன. சர்வேயருக்கு வழி தெரியவில்லை என்று சிரிக்காதே. அந்தப் பறவை அங்கே இன்னும் இருந்தால், யாராவது படம் எடுத்துவிட்டால், அத்தானுக்கு நல்லதுதானே? அவர் மனசு ஆறும். அவ்வளவுதான் விஷயம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


டிசம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அவருக்கு இருமல் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

உன் கடிதத்தில் அத்தான் மேல் கரிசனம் பொங்கி வழிகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பதினோரு வருஷமாக இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது?

உனக்கு ஒரு செய்தி. உனக்குத் தெரியாத செய்தி என்று நான் நினைக்கவில்லை. சங்கத்தின் பறவைக் கையேடு புதுப்பதிப்பாக வருகிறது. எங்கள் அச்சகத்தில்தான் வேலை நடக்கிறது. மெய்ப்புத் தாள் என் மேஜை மேல் கிடக்கிறது. முகமூடி நீர்க்கோழிப் பக்கத்தில் ‘நம் பகுதியில் முதலில் பதிவு செய்தவர்’ என்ற இடம் காலியாக இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ‘ஏப்ரல் வரை சேர்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். உன் விடுப்பு நவம்பரிலிருந்து ஐந்து மாதம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

கூட ஒரு பல் மருத்துவரையும் வைத்திருக்கிறாய். இரண்டாவது கையெழுத்துக்கு அலைய வேண்டியதில்லை. உன் அத்தான் பார்த்த பறவையில் நீ பெயர் வாங்கப் போகிறாயா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கடையில் இருந்த நேரத்தில் நோட்டை எடுத்து, வழிப்படத்தோடு பக்கத்தை என் கையால் நகலெடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


படகுத்துறை
ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பக்கம் கிடைத்தது. நன்றி என்று எழுதினால் அதையும் மூன்று தடவை படிப்பாய், அதனால் எழுதவில்லை.

கையேட்டு விஷயம் எனக்குத் தெரியும். நீ நினைக்கிற மாதிரி இல்லை. வேறு எப்படி என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

குழுவை விட்டுப் பிரிந்து வந்துவிட்டேன். சதுப்பு நிலம் வேண்டாமென்று பல் மருத்துவர் மற்றவர்களோடு மலைக்குப் போய்விட்டார். இங்கே படகுக்காரரின் வீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அலையாத்திக் காடு, மூடினால் கொசு. காலை ஐந்தரைக்குக் கிளம்பி வெயில் ஏறும்வரை ஓடையில் இருக்கிறோம். பாம்புத்தாரா, நீர்க்காகம், மூன்று வகை மீன்கொத்தி எல்லாம் வரிசையாக வந்து ஆஜர் கொடுக்கின்றன. வரவேண்டியது வரவில்லை.

அத்தானுக்கு என் அன்பைச் சொல் என்று எழுத வந்தேன். வேண்டாம், நீ எனக்கு எழுதுவதே அவருக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி


படகுத்துறை
ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமா? எனக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். படகுக்காரரின் மனைவி கஞ்சி கொடுக்கிறார். இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது.

அக்கா, பக்கம் மாறிப்போய்விட்டது. மூன்று வாரம் வீண். நீ போட்டு அனுப்பிய ஓடை அகலமானது, நடுவில் லாரியே போகலாம். அன்றைக்குப் போனது இரண்டு பக்கமும் வேர் உரசுகிற சின்ன ஓடை. வெயில் முதுகில் அடித்தது. ஒரு பட்டுப்போன மரம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. பறவை நீந்தி வந்து, அந்த மரத்துக்குப் பின்னால் சுற்றி, மேலே ஏறி நின்று, வலது காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தது. கால் பச்சை என்றால் பச்சை, இலைப் பச்சை. படகுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். “சார், நான் பொறந்ததுலருந்து இந்த ஓடையில போறேன். நீங்க சொல்ற மரம் இங்க கிடந்ததே இல்ல” என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

கையால் நகலெடுக்கும்போது நாள் தவறியிருக்கும். இன்னொரு தடவை பார்த்துச் சரியான பக்கத்தை அனுப்பு. ஊருக்கே பிழை திருத்துகிறவள், தம்பிக்கு மட்டும் பிழையோடு அனுப்பலாமா?

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? விடவில்லையென்றால் முதலில் டாக்டரிடம் போ, மிச்சத்தை அப்புறம் படி.

நாள் தவறவில்லை. வேண்டுமென்றேதான் முந்தின நாள் பக்கத்தை அனுப்பினேன். நீ அவர் பறவையைத் திருடப் போகிறாய் என்று நினைத்தேன். உன்னை வேறு ஓடையில் அலையவிட்டால் ஏப்ரல் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதில் உனக்குக் காய்ச்சல் வரும் என்று நினைக்கவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் வருந்துகிறேன்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். உன் கடிதம் வந்ததும் அந்த நோட்டை எடுத்துச் சரியான பக்கத்தைப் படித்தேன். கறுப்பு முகம், மஞ்சள் அலகு, பழுப்பு முதுகு என்று எழுதியிருக்கிறார். ‘கால்: தண்ணீருக்குள் இருந்தது, தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார். மரத்தில் ஏறியது, காலைத் தூக்கியது, சொறிந்தது, ஒன்றும் அதில் இல்லை. அவர் பார்க்காததை எழுதுகிற ஆளில்லை.

அவர் பார்க்காத காலை நீ எப்படிப் பார்த்தாய்? கால் பச்சை என்பதைப் புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லலாம். அந்த மரத்தையும் வலது காலையும் எந்தப் புத்தகத்தில் படித்தாய்? நீ படகைக் கட்டிக்கொண்டிருந்தாய். அப்படித்தான் எழுதிக் கொடுத்தாய்.

அக்கா


பிப்ரவரி 16

தம்பிக்கு,

பதில் இல்லை. காய்ச்சலால் இல்லையா, கேள்வியால் இல்லையா என்று தெரியவில்லை.

படகுத்துறைத் தபால் நிலையத்துக்குப் போன் செய்தேன். “சார் நல்லாத்தான் இருக்கார், தினம் வந்து கவர் வாங்கிட்டுப் போறாரு. எதையும் போடத்தான் காணோம்” என்றார் தபால்காரர்.

வாங்கிய கவரில் ஒன்றையாவது போடு.

அக்கா


படகுத்துறை
பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். காய்ச்சல் போய் இருபது நாளாகிறது. எழுதிக் கிழித்தது போக இது மிச்சம்.

நான் பார்த்தேன். அத்தான் படகின் முன்னால் இருந்தார், நான் பின்னால். அது மரத்தைச் சுற்றி அவர் கண்ணிலிருந்து மறைந்து என் பக்கம் வந்து ஏறியது. எண்ணி நாலைந்து நொடி இருக்கும். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு துடுப்பு தூரம்கூட இல்லை. அப்புறம் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது.

முந்தின நாள் சாயங்காலம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் சிறகி வாத்துக் கூட்டத்தை நானூறு என்று எழுதியிருந்தேன். அத்தான் எல்லார் முன்னாலும் அதைச் சிவப்பு மையால் அடித்து, “இவன் எண்ணலை, குத்துமதிப்பா போட்டுட்டான்” என்றார். அவர் சொன்னது சரி, நான் எண்ணவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மறுநாள் காலையிலும் என் காதில் இருந்தது. “பார்த்தியா, பார்த்தியா” என்று அவர் திரும்பிக் கேட்டபோது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு “எதை?” என்றேன்.

ஒரு நாள் அவரைத் தவிக்கவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவர் சங்கத்தில் சொல்லிவிட்டார், என்னை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து அவரிடம் கால் என்ன நிறம் என்று கேட்டார்கள். அந்த ஒரு பதில் சரியாக இருந்தால் நம்பியிருப்பார்கள். “தெரியலை, பார்க்கலை” என்றார். எனக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன செப்டம்பரில் படிக்கிற கண்ணாடி வாங்க அவர் கடைக்குப் போனேன். என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தார். “தூரப் பார்வை உனக்கு ரொம்ப நல்லா இருக்குடா” என்றார். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். மறுநாளே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

பறவை மறுபடி கிடைத்துவிட்டால் அத்தான் சொன்னது உண்மையாகிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அதற்குத்தான் வந்தேன். கோழைத்தனம் என்று நீயே எழுதுவாய், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சங்கத்துக்கு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்புவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அத்தானிடம் நீயே படித்துக் காட்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். இங்கே இருவருக்கும் உடம்பில் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனேன். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளர் இருந்தார், அவர் போகும்வரை நின்றேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன். அவர் ஒரு பிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்போ நீங்க பார்த்தது நிஜந்தானா” என்று கேட்டுவிட்டேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“அவன் பார்த்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். “அவன் மூச்சு நின்னது எனக்குக் கேட்டுச்சு.”

“தெரிஞ்சா ஏன் சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? உன் தம்பி பொய்யன்னு நாலு பேர் முன்னாடி நிறுத்தணும். அப்புறம் நீ அவன்கூடப் பேசுவியா, என்கூடப் பேசுவியா? ஊர் நம்பலைன்னா போகட்டும், வீட்டுல நீ நம்புறேன்னு இருந்தேன்.”

அவர் மறுபடி திருப்புளியை எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நிஜமா ஒண்ணும் பார்க்கலையாடா” என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றாய். அத்தோடு என் மனதில் அது முடிந்துபோனது. பாவம், ஆசையில் ஏதோ நிழலைப் பார்த்து நம்பிவிட்டார் என்று இரக்கப்பட்டேன். யார் முன்னாலும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, உன்னிடம்கூட இல்லை. அவர் பறவைக்கு இத்தனை மாதமாகக் காவல் காத்தவள், அப்படி ஒரு பறவை இருந்தது என்றே நம்பவில்லை. உன் ஒரு ‘சும்மா’வைச் சந்தேகப்பட்ட எனக்கு உன் ‘இல்லை’யைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

உன் வாக்குமூலத்தை அவரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சங்கத்துக்கு அனுப்பச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நேற்று அலமாரியைத் திறந்து பைனாகுலரை எடுத்து லென்ஸைத் துடைத்தார். பூஞ்சை பிடித்திருந்தது. கழற்றி, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்து சுத்தம் செய்தார். பிறகு உன் முகவரியை மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறார். வெள்ளி மத்தியானம் படகுத்துறையில் இருப்பார். சின்ன ஓடைக்கு வழி அவருக்கு மனப்பாடம், நோட்டு தேவையில்லை என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். “கடையைப் பார்த்துக்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னார்.

பொய் சொன்னவன் நீ. உன்னைத் தேடி ஒன்றரை நாள் பஸ்ஸில் வருகிறார். நான் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன் என்கிறார். கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும், அதனால் நான் கேட்கவில்லை.

பகல் வெயிலில் அவரைப் படகில் உட்கார வைக்காதே. இருமலுக்கு மருந்து பையின் பக்கவாட்டில் இருக்கிறது, கேட்டுக் கொடு.

பறவையைப் பார்த்தால் எனக்கு எழுத வேண்டாம். அவர் என்னைப் பற்றி ஏதாவது பேசினால் எழுது.

அக்கா